அடைக்கு உட்கார்ந்த கோழி எழுந்திருக்கவே மாட்டேங்குது, வீட்ல சேவலும் இல்லை. என்ன செய்யலாம்?

தாம்பரம்_தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடத்துல வலை அடிச்சு ஆறு கோழி வளர்க்கிறேன். நாலு சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி), ரெண்டு கிராமப்பிரியா. சேவல் கிடையாது, விடிகாலைக் கூவலுக்கு அக்கம்பக்கத்துல சண்டை வந்து முதல் வருஷமே ஊருக்கு அனுப்பிட்டோம்.

இப்ப பிரச்சனை செவலைச் சிறுவிடை. ஒரு வாரத்துக்கு மேல முட்டைப் பெட்டியை விட்டு நகர மாட்டேங்குது. அடியில முட்டையே இல்ல, வெறும் வைக்கோலைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. கையைக் கிட்ட கொண்டுபோனா உடம்பை ரெண்டு மடங்கா உப்பிக்கிட்டு 'குர்ர்ர்'னு ஒரு சத்தம், அடுத்து கொத்து. தூக்கிப் பார்த்தா நெஞ்சுல இறகே இல்ல, வெறும் தோல், தொட்டா காய்ச்சல் மாதிரி சுடுது. கொண்டை வெளிறிப்போச்சு. நாளைக்கு ஒருதடவை வெளிய வந்து அவசர அவசரமா நாலு கொத்து தீனி, கொஞ்சம் தண்ணி, அப்புறம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு எச்சம் (நாத்தம் தாங்காது), திரும்ப உள்ள.

மாமியார் தண்ணியில முக்கி எடுக்கச் சொல்றாங்க. வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர் மூக்குல இறகு செருகச் சொல்றார். ரெண்டுக்கும் மனசு வரல. அக்னி நட்சத்திர வெயில் வேற. இன்னொரு விஷயமும் சொல்லிடறேன், எங்க வீட்ல முட்டை உண்டு, கறி கிடையாது.

காங்கேயத்தான்:
அவயத்துக்கு உக்காந்துருச்சுங்க அம்மிணி, வேற ஒண்ணுமில்ல. சீக்குன்னு நெனச்சுப் பயந்துக்காதீங்க. சிறுவிடைன்னா அப்படித்தான். பத்துப் பன்னெண்டு முட்டை போட்டா அடுத்த வேலை அவயம்தான் அதுக்கு. எங்க தோட்டத்துல இப்பவும் மூணு உக்காந்திருக்குது.

மூக்குல எறகு போடறது எங்க அமுச்சி காலத்துல இருந்து பண்றதுதானுங்க. அதோட எறகையே ஒண்ணு புடுங்கி ரெண்டு மூக்கு ஓட்டையிலயும் குறுக்கால வுட்டுட்டா, அதை எடுக்கறதுக்கே தரையில தேச்சுத் தேச்சு அலைஞ்சுக்கிட்டு இருக்கும். உக்கார நேரமிருக்காது. நாலு நாள்ல மறந்துரும்.

முட்டைக்கணக்கு:
நான் வியாபாரத்துக்கு வளர்க்கிறவன், நேரா சொல்றேன். அடையில உட்கார்ந்த கோழி முட்டை போடாது. 21 நாள் அடை, அதுக்கப்புறம் ரெண்டு மாசம் குஞ்சோட சுத்தும். விட்டா வருஷத்துக்கு மூணு ஈத்துதான் (ஈத்துன்னா ஒரு தடவை முட்டை போட்டு முடிக்கற சுத்து). அடையைக் கலைச்சு விட்டா ரெண்டு மூணு வாரத்துல திரும்ப முட்டைக்கு வந்துடும். வருஷத்துக்கு அஞ்சு ஈத்து எடுக்கலாம்.

உங்ககிட்ட சேவல் இல்ல, கரு முட்டை இல்ல. சும்மா உட்கார்ந்து மெலியறதுல யாருக்கு லாபம்? கலைங்க.

இன்னொண்ணு, கிராமப்பிரியா ரெண்டும் அடைக்கே வராது பாருங்க. ஹைதராபாத்ல உருவாக்குன ரகம், அடைக்குணம் ரொம்பக் கம்மி. நாமக்கல் பண்ணை லேயருக்கும் (முட்டைக்குன்னே வளர்க்கற கோழி) அப்படித்தான், அடைக்குணத்தைத் தலைமுறை தலைமுறையா கழிச்சுக் கட்டுனதாலதான் வருஷத்துக்கு 300 முட்டை வருது.

பஞ்சாரம்:
ஏன் எல்லாரும் கலைக்கிறதுலயே நிக்கிறீங்க? தானா அடைக்கு வர்ற கோழி கிடைக்கறது இந்தக் காலத்துல பாக்கியம். இன்குபேட்டர் வாங்கி, கரண்ட் போனா இன்வெர்ட்டர், ஈரப்பதம் பார்க்க ஒரு மீட்டர்னு ஆயிரக்கணக்குல செலவு பண்றவங்களைக் கேளுங்க. தெரிஞ்ச வீட்ல கரு முட்டை ஒரு பத்து வாங்கிட்டு வந்து ராத்திரி அடியில வெச்சிடுங்க. மிச்சத்தை அது பார்த்துக்கும். சூடு, ஈரம், திருப்பிப் போடுறது, எல்லாம் அதுக்குத் தெரியும். நாம சொல்லிக்கொடுக்க ஒண்ணுமில்ல.

மருந்துப்பெட்டி:
கால்நடை மருத்துவம் படிச்சு, கிராமத்து மருந்தகத்துல வேலை பார்த்தவள்ங்கிற முறையில சொல்றேன். முதல்ல அந்த இறகு விஷயம். கோழிக்கு வேர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேத்த அது வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் ஆகணும். மே மாச வெயில்ல மூக்கை அடைக்கிறது மூச்சுப் பாதையிலயே கை வைக்கிறது. செருகுன இடம் புண்ணாகி சீழ் பிடிச்சு, கண்ணு வரைக்கும் வீங்கி என்கிட்ட வந்த கோழிங்க உண்டு. காங்கேயத்தார் கோவிச்சுக்காதீங்க, உங்க அமுச்சி காலத்துல வேற வழி தெரியல. இப்ப தெரியுது.

இது எதனால வருதுன்னு தெரிஞ்சா எப்படிக் கலைக்கணும்னும் புரியும். அடைக்கு வர்ற கோழிக்கு மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பியில இருந்து புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் அதிகமா சுரக்கும். அது ஏற ஏற முட்டைப்பை சுருங்கும், முட்டை நிக்கும், தீனி குறையும். நெஞ்சுல இறகு உதிர்ந்து தோல்ல ரத்த ஓட்டம் கூடும். நீங்க தொட்டுப் பார்த்த சூடு அதுதான், முட்டைக்கு நேரா சூடு போக வசதி. அந்தத் தோல்ல முட்டையோ கூடோ படப்பட ஹார்மோன் குறையாம நிக்கும். அதாவது உட்கார்ந்திருக்கறதே அடுத்து உட்கார வைக்குது. இருட்டு மூலை, மெத்துனு வைக்கோல், கதகதப்பு எல்லாம் அதுக்குத் துணை.

அதனால கலைக்கணும்னா அடிவயிறு குளிரணும், கூடு கிடைக்கக் கூடாது, வெளிச்சம் வேணும். அவ்வளவுதான் சூத்திரம். உங்க மாமியார் தண்ணியில முக்கச் சொல்றதுக்குப் பின்னாடி இருக்கறதும் இதே கணக்குதான், ஆனா ஈரம் காஞ்சதும் அது நேரா பெட்டிக்கே போயிடும். நனைஞ்ச கோழி சில சமயம் சளி பிடிச்சுப் படுத்துடும்.

கம்பிக்கூண்டு முறையைச் சொல்றேன். அடிப்பக்கமும் கம்பி வலையா இருக்கற கூண்டு ஒண்ணு போதும். கிளிக்கூண்டு, முயல்கூண்டு, பழைய பால் கிரேட்ல வலை கட்டுனது, எதுவா இருந்தாலும் சரி. நாலு மூலையிலயும் செங்கல் வெச்சுத் தரையில இருந்து ஒரு அடி தூக்கணும். உள்ள வைக்கோல், சாக்கு எதுவும் போடாதீங்க. தீனியும் தண்ணியும் எப்பவும் இருக்கணும், பட்டினி போடக்கூடவே கூடாது. மத்த கோழிங்க கண்ணுல படற இடத்துல, நல்ல வெளிச்சத்துல, ஆனா நேர் வெயில் விழாத நிழல்ல வைங்க. கீழ இருந்து காத்து வயித்துல படும். மூணுல இருந்து அஞ்சு நாள். நடுவுல ஒருதடவை திறந்து விட்டுப் பாருங்க. மேய்ச்சலுக்குப் போனா முடிஞ்சது, பெட்டியைத் தேடி ஓடுனா திரும்ப உள்ள.

தாம்பரம்_தோட்டம்:
ரொம்ப நன்றி டாக்டர் மேடம். மொட்டைமாடியில பழைய கிளிக்கூண்டு ஒண்ணு சும்மா கிடக்கு. ஒரு கேள்வி. கூண்டுல ராத்திரியும் விடணுமா? இங்க பூனையும் பெருச்சாளியும் உண்டு.

மருந்துப்பெட்டி:
ராத்திரி எடுத்து வைக்கோல் இருக்கற கூட்டுல விட்டா பகல்ல பண்ணுனது வீண். கூண்டோட தூக்கி வராந்தாவுலயோ குளியலறையிலயோ வெச்சுக் கதவைச் சாத்திடுங்க. பெருச்சாளி கம்பிக்கு வெளிய இருந்தே காலைக் கடிக்கும், அதனால கூண்டு உயரத்துல இருக்கறது நல்லது.

காங்கேயத்தான்:
கோவமெல்லாம் இல்லீங்க டாக்டரம்மா. சீழ் புடிச்சதை நானும் ஒருக்கா பார்த்திருக்கறேன், அது எறகுனாலன்னு யாரும் சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கறேன். தோட்டத்துல முப்பது கோழி இருந்தா ஒவ்வொண்ணுக்கும் கம்பிக்கூண்டு எங்க போறது? நாங்க கால்ல கயித்தைக் கட்டி மர நிழல்ல கட்டாந்தரையில வுட்டுருவோம். அது பரவால்லீங்களா?

மருந்துப்பெட்டி:
கட்டாந்தரையில நிக்கறது சரிதான், கயிறுதான் பயம். நாய் வந்தா ஓட முடியாது, கால் முறுக்கிக்கும். முப்பது கோழிக்கு ஒரே நேரத்துல அடை வராது. ரெண்டு மூணு ஒண்ணா தங்கற மாதிரி பெரிய கம்பிக்கூண்டு ஒண்ணு அடிச்சு வெச்சீங்கன்னா பத்து வருஷம் உழைக்கும்.

வன்னிக்காற்று:
வவுனியாவில இருந்து எழுதுறன். எங்கட பக்கத்தில கலைக்கிறதைப் பற்றி ஆரும் கதைக்கிறது குறைவு. கோழி அடைக்குக் கிடந்தா பனையோலைக் கடகத்தில மணல் பரப்பி, மேல வைக்கோல் போட்டு, முட்டையளை வைச்சு ஒரு இருட்டு மூலையில விட்டிடுவம். அம்மம்மா கடகத்துக்குள்ள ஒரு இரும்புத் துண்டும் கரித் துண்டும் செத்தல் மிளகாயும் போடுவா, இடி இடிச்சா கரு கலங்கிப் போகுமாம். நான் இப்பவும் போடுறனான். ஏனெண்டு கேட்டா பதில் இல்லை.

மணல் மட்டும் நல்ல காரணத்தோடதான் போடுறது. முட்டை நடுவுக்கு உருண்டு வந்து சேருற மாதிரி குழி நிக்கும், சூடும் கெதியா இறங்காது. கடகம் ஆழமா இருந்தா கோழி மேல இருந்து குதிக்கேக்க முட்டை உடையும், அதால முக்கால்வாசிக்கு நிரப்ப வேணும்.

பஞ்சாரம்:
எங்க ஊர்லயும் அந்த இரும்பு, கரி, மிளகாய் மூணும் உண்டு. விருதுநகர் பக்கம் ஆணி போடுவாங்க.

மருந்துப்பெட்டி:
இடிச்சத்தத்துல கரு சாகாது. முட்டையைப் பலமா குலுக்குனா சாகும். முதல் சில நாள் ரத்தக்குழாய் ரொம்ப மெல்லிசா இருக்கும், அப்ப அடிக்கடி தூக்கிப் பார்த்த முட்டையும், அடை வைக்கறதுக்கு முன்னாடி பேருந்துல மடியில வெச்சு ஆட்டிக்கிட்டே கொண்டு வந்த முட்டையும்தான் போகும். ஆணி இருந்துட்டுப் போகட்டும், துருப்பிடிக்காம பார்த்துக்கங்க. அதைவிட உருப்படியான விஷயம், வைக்கோலுக்கு அடியில ஒரு கை வேப்பிலையும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் போடறது. அடையில இருக்கற கோழி மண்குளியல் அதிகம் போடாது, செல்லும் (ரத்தம் குடிக்கற பொடிப் பூச்சி) பேனும் அதும்மேல ஏறித் தின்னும். செல் ஏறுன கோழி பாதி அடையில முட்டையை விட்டுட்டு எழுந்து போயிடும். ஜனங்க திட்டு குடுக்கறது கோழிக்கு, குத்தம் செல்லோடது.

முட்டைக்கணக்கு:
இது உண்மை. விளக்கு அடிச்சு ராத்திரி பெட்டி இடுக்குல பாருங்க, சிவப்புப் புள்ளியா நகரும். பகல்ல ஒண்ணும் தெரியாது.

தாம்பரம்_தோட்டம்:
பஞ்சாரம் அண்ணா சொன்ன பிறகு வீட்டுக்காரரும் பையனும் குஞ்சு பொரிக்க வைக்கலாம்னு பிடிவாதம். பையனுக்கு லீவு. சொந்தக்காரங்க வீடு மதுராந்தகம் பக்கத்துல, அங்க சேவலோட சிறுவிடை இருக்கு. முட்டை தர்றேங்கிறாங்க. இந்த வெயில்ல வைக்கலாமா?

பஞ்சாரம்:
தாராளமா வைங்க. சாயங்காலம் கொண்டுவாங்க, வெயில்ல கொண்டு வராதீங்க. கொண்டு வந்த முட்டையைக் கூர்முனை கீழ இருக்கற மாதிரி ஒரு ராத்திரி அசையாம வெச்சுட்டு மறுநாள் இருட்டுனதும் அடியில தள்ளுங்க. சிறுவிடை உடம்புக்கு ஒன்பது பத்துக்கு மேல வேண்டாம். பக்கத்துல இன்னும் நாலு வெச்சா ஆசைதான் மிஞ்சும், ஓரத்துல இருக்கறது சூடு கிடைக்காம கூமுட்டையாகும், அது நாள்தோறும் இடம் மாறும், கடைசியில எல்லாமே கெடும்.

எல்லா முட்டையிலயும் பென்சில்ல ஒரு கோடு போடுங்க. மத்த கோழிங்க வந்து அதே பெட்டியில முட்டை போட்டுட்டுப் போகும். கோடு இல்லாததை அன்னன்னிக்கு எடுத்துச் சாப்பாட்டுக்கு வெச்சுக்கலாம். ஒரே நாள்ல எல்லா முட்டையும் வெச்சாத்தான் ஒரே நாள்ல பொரியும், இல்லேன்னா முதல் குஞ்சு வந்ததும் அம்மா எழுந்துடும், மிச்சம் பாதியில நிக்கும்.

மருந்துப்பெட்டி:
நான் கொஞ்சம் மாறுபடறேன். கத்திரி வெயில்ல ரெண்டு சிக்கல். ஒண்ணு முட்டை. வெளிச்சூடு 25 டிகிரிக்கு மேல போனாலே கரு மெதுவா வளர ஆரம்பிச்சு, பாதியில நின்னு, செத்துடும். சென்னை மே மாசத்துல அறைக்குள்ளேயே 33, 34 இருக்கும். அங்க அவங்க நாலஞ்சு நாளா சேர்த்து வெச்ச முட்டைன்னா பாதி தேறாது. அன்னிக்கும் முந்தின நாளும் போட்டதை மட்டும் கேளுங்க. சேர்த்துத்தான் ஆகணும்னா மண்சட்டியில மணல் போட்டு, தண்ணி தெளிச்சு, மேல துணி போட்டு, துணிமேல முட்டையை அடுக்கி, ஈரத்துணியால மூடி நிழல்ல வைக்கச் சொல்லுங்க. பானைத் தண்ணி குளிர்ற கணக்குதான், சில டிகிரி இறங்கும். ஃபிரிட்ஜ் வேண்டாம், முட்டையைக் கழுவவும் வேண்டாம்.

ரெண்டாவது கோழி. ஏற்கெனவே ஒரு வாரத்துக்கு மேல காலி வைக்கோல்ல உட்கார்ந்து எடை குறைஞ்சிருக்கு. இன்னும் 21 நாள் உட்காரணும். ஷீட் போட்ட கூண்டுன்னா உள்ள அடுப்பு. பெட்டியைத் தரையோட, காத்து வர்ற நிழலுக்கு மாத்த முடியும்னா வைங்க. முடியாதுன்னா இந்த ஈத்தைக் கலைச்சு விட்டு, ஆடிக்கு மேல அடுத்த அடையில வைங்க. ஒரு சிறுவிடை வருஷத்துக்கு மூணு நாலு தடவை அடைக்கு வரும், வாய்ப்பு எங்கயும் போகாது.

முட்டைக்கணக்கு:
எல்லாரும் முட்டை, சூடுன்னு பேசுறீங்க, ஒருத்தரும் முக்கியமான கேள்வியைக் கேட்கல. பத்து முட்டை வெச்சு எட்டு பொரிஞ்சா நாலு சேவல். நாட்டுக்கோழியில ஆணா பெண்ணான்னு நாள் குஞ்சுல பார்த்துச் சொல்ல ஆளில்ல. நாலாம் மாசம் நாலும் கூவ ஆரம்பிக்கும். ஒரு சேவலுக்கே சண்டை வந்த தெரு. வீட்ல கறியும் கிடையாது. என்ன பண்ணப் போறீங்க?

தாம்பரம்_தோட்டம்:
இதை நாங்க யாருமே யோசிக்கல. பையன் இப்பவே பேர் வேற வைக்க ஆரம்பிச்சுட்டான்.

காங்கேயத்தான்:
பேர் வெச்சா முடிஞ்சது கதை. எங்க ஊட்ல பேத்தி பேர் வெச்ச சேவல் ஒண்ணு இன்னும் திரியுது, ஆறு வருசமாச்சு, யாரும் கை வெக்க முடியல.

வன்னிக்காற்று:
முட்டை தாற சொந்தக்காரரிட்டயே முதலே கேட்டு வைக்கலாம்தானே? சேவல் குஞ்செல்லாம் மூண்டாம் மாதம் திருப்பித் தருவம் எண்டு. இங்க அப்பிடித்தான் செய்யிறனாங்கள். 'வாரத்துக்கு விடுறது' எண்டு சொல்லுவம், குஞ்சில பாதி முட்டைக்காரருக்கு.

பஞ்சாரம்:
வாரம் நல்ல யோசனை. ஆனா அவங்க கொண்டுபோய் என்ன பண்ணுவாங்கன்னு பையன் கேட்பான். அந்தப் பேச்சை முட்டை வைக்கிறதுக்கு முன்னாடி வீட்ல பேசி முடிச்சிடுங்கம்மா. குஞ்சு வந்த பிறகு பேசுனா யாரும் காது கொடுக்க மாட்டாங்க.

முட்டைக்கணக்கு:
பெண் குஞ்சு மட்டும்தான் வேணும்னா, லேயர் குஞ்சுப் பொரிப்பகத்துல பிரிச்சே தருவாங்க. நாள் குஞ்சு ரெண்டு மூணு வாங்கி ராத்திரி அடைக்கோழிக்கு அடியில விடலாம். ரெண்டு வாரமாவது உட்கார்ந்த கோழியா இருந்தா பெரும்பாலும் ஏத்துக்கும். குஞ்சுக்கு வயசு ரெண்டு மூணு நாளுக்குள்ள இருக்கணும், அதுக்கு மேல அதுங்க இவளை அம்மான்னு நம்பாது.

மருந்துப்பெட்டி:
ஆமா, ஆனா விட்டுட்டுத் தூங்கப் போயிடாதீங்க. விடியும்போது பக்கத்துல இருக்கணும். சில கோழி வெளிச்சம் வந்ததும் அந்நியக் குஞ்சைத் தலையில கொத்தும். 'கொக் கொக்'னு மெல்லக் கூப்பிட்டு இறக்கைக்கு அடியில இழுத்துக்கிட்டா நிம்மதி. அப்புறம், பிரிச்சுத் தர்ற பொரிப்பகத்துல ஆண் குஞ்சு என்ன ஆகுதுன்னு பையன் கேட்டா அதுக்கும் பதில் வெச்சுக்கங்க. நம்ம கண்ணுல படலைங்கறதால அங்க நடக்காம இல்ல.

முட்டைக்கணக்கு:
அது நியாயம்தான் மேடம். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

தாம்பரம்_தோட்டம்:
வீட்ல உட்கார்ந்து பேசிட்டோம். இந்த ஈத்தைக் கலைக்கறதுன்னு முடிவு. முக்கியக் காரணம் வெயில், எங்க கூண்டு மேல தகர ஷீட்தான். சேவல் விஷயம் தீராம குஞ்சு வேண்டாம்னு வீட்டுக்காரரே சொல்லிட்டார்.

கிளிக்கூண்டைக் கழுவி, வராந்தா ஓரம் நாலு செங்கல் மேல வெச்சு, செவலையை உள்ள விட்டாச்சு. முதல் நாள் கம்பிமேலயே வயித்தைப் பரப்பி உட்கார்ந்துக்கிட்டு எங்களையே முறைச்சுது. மாமியார் அதுகிட்டப் போய் மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டாம் நாள் மத்தியானம் எழுந்து நின்னுடுச்சு. கீழ எச்சம் பழையபடி சின்னச் சின்னதா விழுது. இது நல்ல அறிகுறியா?

மருந்துப்பெட்டி:
ரொம்ப நல்ல அறிகுறி. அடையில இருக்கற கோழி கூட்டை அசிங்கப்படுத்தாம அடக்கி வெச்சு ஒரே தடவையா போடும், அதனாலதான் அந்த அளவு, அந்த நாத்தம். சாதாரண எச்சம் திரும்புதுன்னா இறங்கிட்டு வருதுன்னு அர்த்தம். இன்னும் ஒரு நாள் வெச்சுட்டுத் திறங்க. தண்ணியில மோர் கலந்து கொடுக்கலாம், பகல் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் சாக்கை நனைச்சுக் கூண்டுக்குப் பக்கத்துல தொங்க விடுங்க.

நெல்லைப்பொடியன்:
இந்த இழையை இப்பதான் பார்த்தேன். எங்க வீட்ல தலைகீழ் பிரச்சனை. ஒரு பெருவிடை அடையில இருக்கு, கரு முட்டைதான், அடை பாதி தாண்டிட்டு. நேத்து ராத்திரி மழையில கூட்டுக்குள்ள சாரைப்பாம்பு நுழைஞ்சு ரெண்டு முட்டையை முழுங்கிட்டு. கோழி பயந்து எறங்கி விடியற வரைக்கும் மரத்துல இருந்துது. காலையில திரும்ப வந்து உட்கார்ந்துட்டு. மிச்ச முட்டை தேறுமா?

பஞ்சாரம்:
எத்தனை மணி நேரம் குளிர்ந்துதோ அதைப் பொறுத்தது தம்பி. பாதி தாண்டுன கரு கொஞ்சம் தாங்கும். தூக்கிப் போட்டுடாதீங்க. இன்னிக்கு ராத்திரி இருட்டுல செல்போன் டார்ச்சை முட்டையோட அகலமான முனையில வெச்சுப் பாருங்க. மேல காத்துப்பை வெளிச்சமா, கீழ பெருசா கருப்பா இருந்து, கொஞ்ச நேரம் பார்த்தா உள்ள அசையும். அசைஞ்சா உயிர் இருக்கு. ரத்த வளையம் மாதிரி ஒரு கோடு மட்டும் தெரிஞ்சா போனது.

மருந்துப்பெட்டி:
சந்தேகமான முட்டையை இன்னும் மூணு நாள் விட்டுத் திரும்பப் பாருங்க. நாத்தம் அடிக்கிறதையும் ஓட்டுல ஈரம் கசியறதையும் உடனே எடுத்துடணும், வெடிச்சா மத்த முட்டையும் கெடும். 18ஆம் நாளுக்கு மேல எதையும் தொடாதீங்க. பொரியற அன்னிக்கு ஓட்டுல ஓட்டை விழுந்து அரை நாள் ஒண்ணும் நடக்கலேன்னு நகத்தால உரிக்க ஆரம்பிக்கறாங்க பாருங்க, அதுலதான் பாதி குஞ்சு சாகுது. ஓட்டை விழுந்ததுல இருந்து வெளிய வர ஒரு நாள்கூட ஆகும். உள்ள மஞ்சக்கருவை இழுத்துக்கற வேலை நடந்துக்கிட்டு இருக்கும். அந்தக் கருதான் வெளிய வந்த குஞ்சுக்கு ரெண்டு நாள் சாப்பாடு.

கூட்டுக்கு அரை அங்குல வலை அடிங்க. ஒரு அங்குல வலையில சின்னப் பாம்பு சாதாரணமா நுழையும். ஏழாம் நாள் குஞ்சுக்குக் கழிச்சல் நோய் சொட்டு மருந்து கண்ணுல விடணும், எட்டாம் வாரம் இறக்கையில ஊசி. அரசு கால்நடை மருந்தகத்துல முன்னாடியே சொல்லி வெச்சா ஏற்பாடு பண்ணித் தருவாங்க.

நெல்லைப்பொடியன்:
ராத்திரி பார்த்தேன் மேடம். இருந்த ஏழுல அஞ்சு அசையுது. ஒண்ணு கலங்கலா இருக்கு, ஒண்ணு வெறும் தெளிவு. தெளிவானதை எடுத்துட்டேன். வலை வாங்க நாளைக்குப் போறேன். ஒரு சந்தேகம், அந்த இடத்துல ரெண்டு வாத்து முட்டை வைக்கலாமா? பக்கத்து வீட்ல இருக்கு.

காங்கேயத்தான்:
வேண்டாமுங்க தம்பி. வாத்து முட்டைக்கு 28 நாள். உங்க குஞ்சு பொரிஞ்சு அம்மாவோட எறங்கிப் போயிரும், வாத்து முட்டை பாதியில கெடக்கும். வெச்சா தனி அவயத்துல வாத்து முட்டையை மட்டும் அஞ்சாறு வெக்கோணும். பொரிஞ்சு அதுக தண்ணியில எறங்கறப்ப கோழி கரையில நின்னு கத்தற கத்தைக் கேக்க முடியாதுங்க.

தாம்பரம்_தோட்டம்:
செவலையைத் திறந்து விட்டாச்சு. நேரா போய் மண்ணுல புரண்டு ஒரு குளியல், அப்புறம் மத்ததுங்களை ரெண்டு கொத்து, இப்ப முருங்கை மரத்தடியில கிளறிக்கிட்டு இருக்கு. பெட்டிப் பக்கம் திரும்பல. முட்டைக்கு எப்ப வரும்? இப்ப குடற்புழு மருந்து கொடுக்கலாமா? ரொம்ப இளைச்சிருக்கு.

மருந்துப்பெட்டி:
முட்டைக்கு ரெண்டு மூணு வாரம் பிடிக்கும். கொண்டை சிவக்க ஆரம்பிச்சா நெருங்கிடுச்சுன்னு வெச்சுக்கங்க. குடற்புழு மருந்து இப்பவே கொடுக்கலாம், முட்டை போடாத இந்த இடைவெளிதான் அதுக்குச் சரியான நேரம். எடை பார்த்து அளவு கேட்டு வாங்கிக்கங்க. மத்த அஞ்சுக்கும் சேர்த்துக் கொடுக்கறதா இருந்தா, மருந்துப் பாக்கெட்டுல எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்கும், அதுவரைக்கும் முட்டையை ஒதுக்கிடுங்க. பழைய வைக்கோலை எரிச்சுட்டு, பெட்டியைச் சுண்ணாம்பு அடிச்சு வெயில்ல காய வெச்ச பிறகு புது வைக்கோல் போடுங்க. முட்டையை மத்தியானத்துக்குள்ள எடுத்துடுங்க, குவிஞ்சு கிடந்தா அடுத்தது உட்காரும்.

தாம்பரம்_தோட்டம்:
உட்கார்ந்தாச்சு மேடம். கருப்பி, நேத்து ராத்திரியில இருந்து. கூண்டைக் கழுவிக்கிட்டு இருக்கேன்.